கைக்குள் போகாத கையுறை கடலுக்குள் எதுக்கு?

"ஸ்கூபா" ஆசைக்காரர்களே, வாங்குவதற்கு முன் படியுங்கள்!

மணப்பட்டு:-

"கையிலே என்ன தம்பி கட்டு? எங்கேயாவது அடிதடியா?"

கடலூர் பஸ்சில் பக்கத்து சீட்டுக்காரர் கேட்டார். போலீஸ் ஸ்டேஷன் வாசலில் என்னை அடிக்கடி பார்க்கிறவர். அவர் கேட்டது நியாயம்தான்.

"அடிதடி இல்லேண்ணே. கையுறை!" என்றேன்.

"கையுறை போட்டா கை கிழியுமா?"

"போட்டா கிழியாது. போட முடியலேன்னா கிழியும்!"

அவர் விடவில்லை. கிருமாம்பாக்கம் தாண்டி, கன்னியக்கோயிலில் நான் இறங்குவதற்குள் முழுக் கதையையும் கறந்துவிட்டார். இறங்கும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "இதை நாலு பேருக்கு எழுது தம்பி. என் தங்கச்சி மகனும் ஞாயித்துக்கிழமை ஆனா கடலுக்குள்ளே போறேன்னு கிளம்பறான்."

அதனால் எழுதுகிறேன்.

படகில் நடந்த கூத்து

புதுச்சேரிக் கடலில் "ஸ்கூபா" முழுக்கு இன்று பெரிய மோகம். முதுகில் காற்று உருளை. வாயில் குழாய். கண்ணில் கண்ணாடி. காலில் துடுப்பு. பாங்கியில் வேலை பார்க்கிறவரும் போகிறார். கல்லூரி மாணவரும் போகிறார்.

அந்த உருளையில் இருப்பது ஆக்சிஜன் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. சாதாரணமாக அதில் இருப்பது நாம் சுவாசிக்கிற இதே காற்றுதான். அழுத்தி அடைத்திருப்பார்கள். அவ்வளவுதான்.

இந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர்கள் புதுச்சேரிக்காரர்களுக்குப் பழக்கமான பிரெஞ்சுக்காரர்கள். 1943-ல் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும், எமில் கான்யான் என்ற என்ஜினீயரும் சேர்ந்து உருவாக்கினார்கள்.

நானும் பயிற்சிக்குச் சேர்ந்தேன். கண்ணாடி, துடுப்பு எல்லாம் பயிற்சி தருகிறவர்களே கொடுத்தார்கள். கையுறை மட்டும் என் சிநேகிதனிடம் இரவல். அவன் குளிர் நாட்டில் வேலை பார்த்தபோது வாங்கியது. ஐந்து மில்லி மீட்டர் கனம். என் கைக்கு ஒரு அளவு சின்னது.

"இழுத்தா போகும்டா" என்றான். நம்பினேன்.

மூன்றாம் நாள் பயிற்சி. படகு நின்றது. ஆட்டமோ ஆட்டம்! எல்லாரும் தயார். நான் இடது கைக்கு உறையை மாட்டினேன். ஒவ்வொரு விரலாக இழுத்து இழுத்து, மூன்று நிமிஷம் ஆயிற்று. வியர்த்து ஊற்றியது.

அடுத்தது வலது கை. அங்கேதான் வந்தது வினை.

உறை போட்ட இடது கை மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. அதனால் இன்னொரு உறையைப் பிடிக்கவே முடியவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். கட்டை விரல் பாதியில் நின்றது. குனிந்து குனிந்து பார்த்ததில் தலை சுற்றி, குமட்டல் வேறு.

"சார், சீக்கிரம் சார்" என்றார் பயிற்சியாளர்.

வெட்கமாகப் போயிற்று. வலது உறையைப் படகிலேயே வீசிவிட்டு, ஒரு கையில் உறையும் ஒரு கை வெறுங்கையுமாகக் குதித்துவிட்டேன். இது நான் செய்த தப்பு. வேறு யார் மேலும் குறை இல்லை.

மாறிப் போன பொத்தான்

நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். வலது கையால் பிடித்தேன். படகை அலை தூக்கியது. கயிறு கைக்குள் வழுக்கியது. கயிற்றில் ஒட்டி வளர்ந்திருந்த சின்னச் சின்ன சிப்பிகள் பிளேடு மாதிரி உள்ளங்கையைக் கீறிவிட்டன.

அது கூடப் பெரிதில்லை. கேளுங்கள்.

மிதவைச் சட்டை என்று ஒன்றை மாட்டிவிடுகிறார்கள். காற்று அடைத்தால் மேலே மிதக்கலாம். காற்றை விட்டால் கீழே இறங்கலாம். அடைக்க ஒரு பொத்தான், விட ஒரு பொத்தான். இரண்டும் இடது பக்கக் குழாயில் அருகருகே இருக்கின்றன.

என் இடது விரல்களுக்கோ உணர்ச்சியே இல்லை. கெட்டி ரப்பருக்குள் கிடந்தன. கை வலியில், விட வேண்டிய பொத்தானுக்குப் பதில் அடைக்கிற பொத்தானை அழுத்திவிட்டேன். கீழே போக வேண்டியவன் மேலே கிளம்பிவிட்டேன்!

பயிற்சியாளர் பாய்ந்து என் கால் துடுப்பைப் பிடித்து நிறுத்தினார். மூச்சை விடும்படி சைகை காட்டினார்.

ஏன் தெரியுமா? ஆழத்தில் இழுத்த காற்று மேலே வர வர விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அந்தக் காற்று நுரையீரலைக் கிழித்துவிடலாம். நாலைந்து அடி ஆழத்திலிருந்து வந்தாலே இந்த ஆபத்து உண்டு. ஸ்கூபா பயிற்சியில் முதல் பாடமே, "மூச்சை ஒருபோதும் அடக்காதே" என்பதுதான்.

கையுறை சின்ன விஷயம் என்று நினைத்தேன். அது நுரையீரல் வரைக்கும் வந்துவிட்டது!

கையுறை எதற்கு?

கையுறை மூன்று காரியத்துக்கு உதவுகிறது. ஒன்று குளிர். இரண்டு கீறல். மூன்று கொட்டல்.

தண்ணீர் நம் உடம்புச் சூட்டைக் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உறிஞ்சும். குளிர் நாட்டுக் கடலில் உறையில்லாமல் இறங்கினால் சிறிது நேரத்தில் விரல் மரத்துவிடும். அங்கே ஐந்து மில்லி மீட்டர் கனம் தேவை. இன்னும் கடுங்குளிர் என்றால் ஏழு கூடப் போடுகிறார்கள்.

நம்ம கடல் அப்படியா? வங்காள விரிகுடாத் தண்ணீர் வெதுவெதுப்பானது. இங்கே குளிருக்குப் பயந்து கெட்டிக் கையுறை வாங்குவது, சித்திரை வெயிலில் கம்பளி போர்த்துவது போல.

நம்ம பக்கம் பயப்பட வேண்டியது கீறலுக்கு. தண்ணீரில் ஊறிய தோல் லேசில் கிழியும். கடல் தண்ணீரில் சின்னக் காயம்தானே என்று விடவும் கூடாது. வெதுவெதுப்பான கடலில் வாழும் "விப்ரியோ" வகைக் கிருமிகளில் சில, காயம் வழியாக உள்ளே போய்ச் சதையை அழுகவைத்துவிடும். கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் ஆபத்து அதிகம்.

அதனால் கீறினால் உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுக் கழுவ வேண்டும். காயம் சிவந்து வீங்கினால், காய்ச்சல் வந்தால், ஒரு நாள் கூடத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் போக வேண்டும். கடலில் பட்ட காயம் என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். நானும் போனேன். தர்ம ஊசி போட்டார்கள்.

கொட்டல் விஷயத்தில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சொறி (இழுது மீன்) பட்டால் கையுறை காப்பாற்றும். ஆனால் கல் மீன் முள்ளும், கடல் முள்ளெலியின் முள்ளும் ரப்பரைத் துளைத்துக்கொண்டு போகும். உறை போட்டிருக்கிறோம் என்ற தைரியத்தில் எதையும் தொடக் கூடாது.

வளையல் போட்டவர் சொன்ன வழி

கட்டுப் போட்ட கையோடு மணப்பட்டு வீட்டில் கிடந்தேன். இரவல் உறை திண்ணையில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவுக்கு வளையல் போட வழக்கமாக வருகிற வளையல்கார அம்மா அதைப் பார்த்தார். வில்லியனூர் தேர்த் திருவிழாவில் கடை போடுகிறவர்.

"இது என்ன தம்பி, ரப்பர் கை?"

சொன்னேன். சிரித்தார்.

"கையை விறைச்சுகிட்டு இழுத்தா எதுதான் போகும்? வளையலா இருந்தா உடைஞ்சிருக்கும். ரப்பரு, அதனாலே கிழியாம இருக்குது."

என் இடது கையைப் பிடித்தார். முதலில் விரல்களை நீவிவிட்டார். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொன்னார். கையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டினார். அதன் மேல் உறையைத் தள்ளினார். மணிக்கட்டு தாண்டியதும் "இப்ப விரலை விரி" என்றார். சரக்கென்று உள்ளே போயிற்று! பையின் அடியில் முன்னாலேயே ஓட்டை போட்டிருந்தார். மணிக்கட்டுப் பக்கமாக அதை உருவி எடுத்தார்.

மூன்று நிமிஷ வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

"பை இல்லேன்னா சோப்புத் தண்ணி. அதுவும் இல்லேன்னா வெறும் தண்ணி. காஞ்ச கையிலே மட்டும் முயற்சி பண்ணாதே" என்றார்.

பிறகு விசாரித்தால், குளிர் கடலில் இறங்குகிறவர்களும் இதையேதான் செய்கிறார்களாம்! ரப்பர் உடுப்புக்குள் கால் நுழைய பிளாஸ்டிக் பை மாட்டுகிறார்கள். குழந்தைகள் ஷாம்பூவைத் தண்ணீரில் கலந்து உறைக்குள் ஊற்றுகிறார்கள். நம்ம ஊர் வளையல்காரர்கள் கண்ட வித்தை.

பிளாஸ்டிக் பையைக் கடலில் மட்டும் விட்டுவிடாதீர்கள். ஆமை அதைச் சொறி என்று நினைத்துத் தின்றுவிடும். எண்ணெய், வாசலின் தடவுவதும் வேண்டாம். பிடி வழுக்கும். சில வகை ரப்பரையும் கெடுக்கும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

சரி, புதிதாக வாங்குகிறீர்கள். விலை ஆயிரக் கணக்கில் சொல்கிறார்கள். கடைக்காரர் நீட்டியதை வாங்கிக்கொண்டு வரலாமா? கூடாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. அளவு: தையற்கடை டேப்பை எடுங்கள். கட்டை விரலை விட்டுவிட்டு, மற்ற நாலு விரலின் முட்டிகளைச் சேர்த்து உள்ளங்கையைச் சுற்றி அளங்கள். நடு விரலின் நீளத்தையும் அளங்கள். "நான் சட்டையிலே மீடியம்" என்று சொல்லி வாங்காதீர்கள். ஒரு கம்பெனி மீடியம் இன்னொரு கம்பெனியில் லார்ஜ்.

2. நேரம்: செருப்பைச் சாயங்காலம் வாங்கு என்று பெரியவர்கள் சொல்வார்கள். பகலெல்லாம் நடந்து கால் சற்றுப் பருத்திருக்கும். கையும் அப்படித்தான். வெயிலில் அலைந்த கை கொஞ்சம் உப்பும். காலையில் ஏ.சி. கடையில் சரியாக இருந்த உறை, மத்தியானப் படகில் இறுக்கும்.

3. கனம்: நம்ம கடலுக்கு ஒன்றரை அல்லது இரண்டு மில்லி மீட்டர் போதும். உள்ளங்கைப் பக்கம் செயற்கைத் தோல், மேல் பக்கம் மெல்லிய ரப்பர் வைத்துத் தைத்தது கிடைக்கிறது. அதுதான் மாட்டவும் சுலபம். பொத்தானும் விரலுக்குத் தெரியும்.

4. மணிக்கட்டு: மாட்ட முடியுமா முடியாதா என்பதை முடிவு செய்கிற இடம் இதுதான். குழாய் மாதிரி நீளமாக, திறப்பே இல்லாமல் இருந்தால் குளிர் தாங்கும். ஆனால் மாட்டுவது கஷ்டம். ஜிப் வைத்தது வாய் அகலமாகத் திறக்கும். ஜிப்பின் நுனியில் இன்னொரு கை பிடித்து இழுக்கிற மாதிரி பெரிய நாடா இருக்கிறதா பாருங்கள். சின்ன உலோக நாக்கு மட்டும் இருந்தால் உறை போட்ட விரலில் சிக்காது. அமுக்கினால் ஒட்டிக்கொள்ளும் பட்டை வைத்ததும் நல்லதுதான். ஆனால் மணல் சேர்ந்தால் ஒட்டாது.

5. உள் துணி: உறையை உள்ளே விரல் விட்டுத் தடவுங்கள். வெறும் ரப்பராக இருந்தால் காய்ந்த தோலில் ஒட்டும். வழுவழுப்பான நைலான் துணி ஒட்டியிருந்தால் கை ஓடும். அந்தத் துணி விரல் நுனி வரை நன்றாக ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் கையை உருவும்போது துணியும் சேர்ந்து வெளியே வந்துவிடும். மறுபடி விரல் நுழையாது. இரண்டாவது முழுக்கு அம்பேல்!

6. விரல் இடுக்கு: மாட்டியபின் விரல்களுக்கு நடுவில் உள்ள இடுக்கு உறையோடு உட்கார வேண்டும். நடுவில் வெற்றிடம் இருந்தால் சின்னது என்று அர்த்தம். விரல் நுனியில் துணி மடிந்து தொங்கினால் பெரியது என்று அர்த்தம். முஷ்டி பிடித்துப் பாருங்கள். விரல் நுனி வெளுத்தாலோ, கொஞ்ச நேரத்தில் மரத்தாலோ ரத்த ஓட்டம் தடைப்படுகிறது. வேண்டாம் என்று வைத்துவிடுங்கள்.

"கடலுக்குள்ளே போனா தளர்ந்துடும் சார், டைட்டா எடுங்க" என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. உறையின் ரப்பர், "நியோப்ரீன்" என்ற பொருள். 1930-ல் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியில் கண்டுபிடித்தது. முழுக்கு உடுப்புக்கு அதை நுரை மாதிரி செய்து, உள்ளே நுண்ணிய வாயுக் குமிழிகளை அடைத்திருப்பார்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு. குமிழி சுருங்கும். உறை மெலியும். கொஞ்சம் தளரும். ஆனால் அந்த ஆழத்துக்குப் போவதற்கு முன்னால் படகிலேயே மாட்டியாக வேண்டுமே? அதை யோசித்து வாங்குங்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரீட்சை

வாங்கி வந்த உறையை நேரே கடலுக்குக் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள். கையை நனையுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, யார் உதவியும் இல்லாமல் இரண்டு கைக்கும் மாட்டுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் முடிகிறதா?

எந்தக் கைக்கு முதலில்? இதில்தான் நான் கோட்டை விட்டேன். வலக்கைப் பழக்கம் உள்ளவர் முதலில் வலது கைக்குப் போட வேண்டும். வெறுங்கையாக இருக்கிற இடது கை அதை இழுத்துவிடும். அடுத்து, பலமான வலது கை உறையோடு இருந்தாலும் இடது உறையை இழுத்துக்கொள்ளும். நான் தலைகீழாகச் செய்தேன். பலம் குறைந்த கையில் உறையைப் போட்டு, அதைக் கொண்டு இன்னொன்றை இழுக்கப் பார்த்தேன். எப்படி வரும்?

மாட்டியாயிற்றா? இப்போது ஐந்து வேலை செய்து பாருங்கள். பென்சிலை மேஜையிலிருந்து எடுங்கள். சட்டைப் பொத்தானைத் தடவி எத்தனை என்று எண்ணுங்கள். பெல்ட் கொக்கியை ஒரே இழுப்பில் கழற்றுங்கள். கண்ணாடியை முகத்திலிருந்து எடுத்து மறுபடி மாட்டுங்கள். கடைசியாக, உறையை நீங்களே கழற்றுங்கள்.

பெல்ட் பரீட்சை விளையாட்டு இல்லை. முழுக்குக்காரர்கள் மிதக்காமல் இருக்க இடுப்பில் ஈயக்கட்டி பெல்ட் கட்டுவார்கள். ஆபத்து வந்தால் அதைக் கழற்றி எறிந்து மேலே வர வேண்டியிருக்கலாம். உறை போட்ட கைக்குக் கொக்கி சிக்கவில்லை என்றால்...? நினைத்துப் பாருங்கள்.

2021 பிப்ரவரியில் சென்னை நீலாங்கரைக் கடலில் 60 அடி ஆழத்தில் ஒரு ஜோடி கல்யாணம் செய்துகொண்டது ஞாபகம் இருக்கிறதா? ஐந்து மில்லி மீட்டர் உறை போட்ட கையால் மூன்று முடிச்சுப் போட முடியுமா என்று மாப்பிள்ளைமார்கள் யோசிக்கட்டும்!

விரலில் துணி சுற்றும் பெண்கள்

பொழுதுபோக்குக்குப் போகிறவர் கதை இது. வயிற்றுப் பிழைப்புக்குக் கடலில் இறங்குகிறவர் கைக்கு என்ன இருக்கிறது?

ராமேசுவரம், பாம்பன் பக்கம் போனால் பார்க்கலாம். பாசி எடுக்கும் பெண்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முங்கி, பாறையில் முளைத்த மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் பிய்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போடுகிறார்கள். காற்று உருளை இல்லை. ரப்பர் உடுப்பு இல்லை. சேலைக்கு மேல் ஒரு சட்டை. கண்ணுக்கு ஒரு கண்ணாடி.

கைக்கு? பழைய துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து ஒவ்வொரு விரலிலும் சுற்றிக்கொள்கிறார்கள். சிலர் ரப்பர் உறையை மாட்டுகிறார்கள். பாறை அப்படிக் கீறும்.

ஏன் விரலுக்கு மட்டும் துணி? யோசித்தால் புரிகிறது. விரலால் தடவித்தான் பாசியின் அடியைப் பிடிக்க வேண்டும். தொளதொள உறைக்குள் தண்ணீர் புகுந்தால் கை பாரமாகும். இறுக்கமான உறை என்றால் தொடு உணர்ச்சி போகும். கிழிந்த துணி அவரவர் விரல் அளவுக்கு அப்படியே உட்காரும்!

இந்தப் பெண்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் "செக்காலஜி" பரிசு கிடைத்தது. பாசியை வேரோடு அழிக்காமல் எடுக்கும் முறைக்காகவும், அந்தப் பெண்களின் உரிமைக்காகவும் பாடுபட்டவர்.

அரபு நாட்டு முத்துக்குளிகாரர்களும் அந்தக் காலத்தில் விரலுக்கு மட்டும் தோலுறை மாட்டிக்கொண்டுதான் சிப்பி பிய்த்தார்கள். நம்ம தூத்துக்குடி முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. ஆனால் சங்கு குளிப்பவர்கள் இருக்கிறார்கள். கடலடித் தொழிலாளிக்கு விரல்தான் கண்.

"கையுறை போடாதே!"

இன்னொரு பக்கமும் உண்டு. உலகத்தில் சில இடங்களில் கையுறை போட்டால் கடலில் இறங்கவே விடமாட்டார்கள். கரீபியன் கடலில் பொனேர் தீவு, மெக்சிகோவில் கொசுமேல் ஆகிய இடங்களில் கடல் பூங்காவுக்குள் கையுறைக்குத் தடை.

காரணம் சுவாரசியமானது. உறை இருந்தால் மனுஷனுக்குத் தைரியம் வந்து எல்லாவற்றையும் பிடித்துப் பார்ப்பானாம். பவளப்பாறை கல் இல்லை. அது உயிர். தொட்டால் செத்துப்போகலாம். வெறுங்கை என்றால் பயத்தில் தொடமாட்டான்!

நம்ம நாட்டிலும் 2001-லிருந்து பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் இருக்கின்றன. புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. உடைத்தால், எடுத்தால் வழக்கு. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-லேயே தேசியப் பூங்கா அறிவித்தார்கள்.

ஆகவே முழுக்குக்குப் போகுமுன் அங்கே உறை அனுமதி உண்டா என்று கேளுங்கள். அனுமதி இருந்தாலும் அது கயிறு பிடிக்க, படகு ஏணி பிடிக்க, பழைய வலை அறுக்க. பவளத்தைப் பிடிக்க அல்ல.

முழுக்கு முடிந்ததும் உறையோடு கண்ணைத் துடைக்காதீர்கள். சொறியின் கொடுக்கு இழை உறையில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் அது கொட்டும். உறையை நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே திருப்பி, நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் போட்டால் ரப்பர் விறைத்துவிடும். விறைத்த உறை மறுபடி கைக்குள் போகாது!

முதலில் இறங்குகிற கை

கடைசியாக ஒன்று. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

மணப்பட்டு, மூர்த்திக்குப்பம், புதுக்குப்பம் கரைகளுக்கு விடுமுறை நாளில் வெளியூர்க் கூட்டம் வருகிறது. கடற்கரையில் யாராவது அலையில் போய்விட்டார்கள் என்று தகவல் வந்தால் நான் நோட்டுப் புத்தகத்தோடு ஓடுகிறவன். பல தடவை பார்த்திருக்கிறேன். போலீஸ், தீயணைப்பு வண்டி வருமுன் தண்ணீரில் இறங்கிவிடுவது மீனவர்கள்தான். அவர்கள் கையில் உறை கிடையாது. கல், சிப்பி, அறுந்த வலை, தூண்டில் முள் எல்லாவற்றையும் வெறுங்கையால் தடவுகிறார்கள். செய்தியில் போனவர் பெயர் வரும். தேடியவர் கை கிழிந்தது வராது. நானும் எழுதியதில்லை. என் கை கிழிந்த பிறகுதான் புத்தி வந்தது.

அவர்களுக்கு ஆயிரக் கணக்கில் விலையுள்ள ஸ்கூபா உறை தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் கட்டட வேலைக்கு விற்கிற உறை இருக்கிறதே, பின்னல் துணியில் உள்ளங்கைப் பக்கம் ரப்பர் பூசியது? மணிக்கட்டில் எலாஸ்டிக். காய்ந்த கையோ ஈரக் கையோ, ஒரே தள்ளு, மாட்டியாயிற்று. முள் குத்தினால் தடுக்காது. சிப்பிக் கீறலை நன்றாகத் தாங்கும். வெதுவெதுப்பான கடலில் முழுக்குக்காரர்கள் பலரும் இதைத்தான் போடுகிறார்கள். படகில் நாலு ஜோடி போட்டு வைத்தால் போதும். கடைக்காரர்கள், சங்கத்துக்காரர்கள் மனசு வைத்தால் ஒரு குப்பத்துக்கு ஒரு பெட்டி வாங்கிக் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை.

உயிர் போகிற நேரத்தில் யாரும் மூன்று நிமிஷம் நின்று கையுறை மாட்டமாட்டார்கள். சட்டென்று மாட்ட முடிந்தால் மாட்டுவார்கள். முடியாவிட்டால் வெறுங்கையோடு குதிப்பார்கள். அதனால்தான் மாட்டச் சுலபமா என்பதை முதலில் பார் என்கிறேன். கனமும் கம்பெனியும் அப்புறம்.

நேற்று மறுபடி அதே பஸ். அதே பக்கத்து சீட்டுக்காரர். கையில் ஒரு பொட்டலம்.

"தங்கச்சி மகனுக்குக் கையுறை தம்பி. வாளியிலே தண்ணி வச்சு, கண்ணை மூடி மாட்டச் சொல்லப் போறேன். மாட்டலேன்னா கடலுக்கு அனுப்பமாட்டேன்!"

நான் சிரித்தேன். கம்பியை இன்னும் இடது கையால்தான் பிடித்திருக்கிறேன்.